காட்மியம்

ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரெட்ரிக் ஸ்ட்ரோமயர், 1817இல் துத்தநாகக் கார்பனேட்டில் ஒளிந்திருந்த புதிய உலோகம் ஒன்றைக் கண்டுபிடித்தார். துத்தநாகத் தாதுவுக்கு லத்தீனில் வழங்கிய ‘காட்மியா’ என்ற பழைய பெயரிலிருந்தே அதற்குப் பெயர் சூட்டினார். அச்சொல்லின் மூலம் கிரேக்கம். தீப்ஸ் நகரை நிறுவியதாகப் புராணம் சொல்லும் காட்மஸின் பெயரோடு அதை இணைப்பார்கள்.

துத்தநாகத்தோடு காட்மியம் ஒட்டிக்கிடப்பதுதான் வயலுக்கு வினையானது. ஜப்பானில் துத்தநாகச் சுரங்கக் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து நெல்வயல்களில் பாய்ந்தது. அந்த அரிசியை உண்டவர்களின் எலும்புகள் நொறுங்கின. ‘வலிக்கிறதே, வலிக்கிறதே’ என்ற அவர்களின் அலறலே ‘இத்தாய் இத்தாய்’ என நோயின் பெயராயிற்று. இதைவிடக் கொடிய பெயர் மருத்துவத்தில் உண்டா?

நெல்லின் வேர் மாங்கனீசை உறிஞ்சும் வழியிலேயே காட்மியமும் நுழைகிறது. இரும்பையோ செம்பையோ போல அது நேரடியாக எலக்ட்ரான் கொடுத்து வாங்குவதில்லை. செல்லைக் காக்கும் குளுட்டாதயோனைத் தீர்த்துவிடுகிறது. புரதங்களில் இருக்கும் இரும்பைப் பெயர்க்கிறது. விடுபட்ட இரும்பு ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிய, ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் பிறந்து செல்சவ்வின் கொழுப்பைச் சிதைக்கின்றன. பச்சையம் குறைந்து இலை வெளிறுகிறது. காப்பு குன்றித் தனி உறுப்புகள் பெருகும் இந்த நிலைதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். ஆனாலும் பார்வைக்குச் செழித்த பயிரின் மணியிலும் காட்மியம் இருக்கலாம்.

நீர் தேங்கிய வயலில் காட்மியம் சல்ஃபைடாகி மண்ணில் கட்டுண்டு கிடக்கும்; நீரை வடித்தால் மீண்டும் வேருக்கு எட்டும்.