கல்லில் இல்லாத பெயர்கள்

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919ஆம் ஆண்டிலும் மற்றொன்று 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பெற்றவை. குடவோலை வாயிலாக ஊர்ச்சபை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை அவை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் அவற்றை எடுத்தான். இம்முறையின் செம்மையை நாம் பலகாலும் பாராட்டி வந்திருக்கிறோம். அது பாராட்டத் தக்கதே. எனினும், கல்வெட்டை முழுவதும் படிப்போர் வேறொன்றையும் காண்பர். ஒருவன் பெயர் ஓலையில் ஏறவேண்டுமானால், இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் அவனுக்கு இருத்தல் வேண்டும். தன் மனையில் தானே வீடு கட்டியிருத்தல் வேண்டும். வயது 35க்கு மேலும் 70க்கு உள்ளும் இருத்தல் வேண்டும். மறை பயின்றிருத்தலும் வேண்டும். நிலம் இல்லாதவன் பெயர் குடத்தில் விழவில்லை. நாற்று நட்டவள் பெயரும், பறை முழக்கியவன் பெயரும் அவ்வாறே விழவில்லை.

உத்தரமேரூருக்கு அண்மையில் மானாம்பதி என்னும் சிற்றூர் உளது. அதனைச் சூழ்ந்த இவ்வட்டாரம் கூத்துக்குப் பெயர் பெற்றது. வேனிற்காலத்தில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா தொடங்கினால், இரவெல்லாம் கட்டைக் கூத்து நடைபெறும். இருவர் பிடித்த திரைக்குப் பின்னே வேடம் தரித்தவர் வந்து நிற்பார். கட்டியங்காரன், வந்தவர் யாவர் எனக் கேட்பான். அவர் தம் நாட்டையும் குலத்தையும் வீரத்தையும் பாட்டாலும் வசனத்தாலும் எடுத்துரைப்பார். திரை விலகும், துரியோதனன் தோன்றுவான். பொழுது புலர்ந்ததும் அரிதாரம் கலைந்துவிடும். இரவு முழுவதும் அத்தினாபுரத்து அரசனின் பெயரை முழங்கியவர் தம் பெயர் என்ன என்று கேட்பார் யார்? ஆயுள் முழுவதும் அரசர் பெயரையே அறிவித்து, தம் பெயரை ஓரிடத்தும் பதியாமல் மறைந்த கலைஞர் எத்துணையோ பேர்.

இவ்வினாவை மனத்தில் இருத்திக்கொண்டு, கடலுக்கு அப்பால் தோன்றிய ஒரு கலையின் வரலாற்றை நோக்குவோம். அக்கலையின் பெயர் ஹிப் ஹாப். இளைஞர் சிலரின் ஆரவாரம் என்று அதனைத் தள்ளிவிடுவோர் உளர். அதன் பிறப்பை அறிந்தோர் அவ்வாறு கூறார்.

நியூயார்க் மாநகரின் வடபகுதி பிராங்ஸ் எனப்படும். அதன் ஊடே ஒரு பெருஞ்சாலை அமைக்கும் பணி 1948ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன்பொருட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. வசதியுடையோர் வெளியேறினர்; தொழிற்கூடங்கள் மூடப்பட்டன. 1970க்குப் பின் தென் பிராங்ஸில் தெருத் தெருவாகக் கட்டடங்கள் தீக்கிரையாயின. கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தோரும் அவ்விடிபாடுகளின் நடுவே வாழ்ந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்கு இசைக் கருவி வாங்கப் பணம் இல்லை, அரங்கம் இல்லை, ஆசிரியர் இல்லை. அவர்களிடம் இருந்தவை பெற்றோரின் பழைய இசைத்தட்டுகளும் தம் உடலும் குரலுமே ஆம்.

1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் சிண்டி கேம்பெல் என்னும் இளம்பெண் ஒரு விருந்தாட்டம் நடத்தினாள். பள்ளி திறக்கும் காலத்தில் புத்தாடை வாங்கப் பணம் சேர்ப்பதே அவள் நோக்கம். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இசைத்தட்டு இயக்கியவர் அவள் தமையன் கிளைவ் கேம்பெல். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1955இல் பிறந்தவர். கூல் ஹெர்க் என்ற பெயரால் உலகம் அறிந்தவர்.

அவர் ஒன்றை நுணுகிக் கண்டார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கையில், குரலும் பிற கருவிகளும் ஓய்ந்து, தாளக் கருவிகள் மட்டும் தனித்து ஒலிக்கும் இடம் ஒன்று வரும். நம் கச்சேரியில் வரும் தனியாவர்த்தனத்தை ஒருவாறு ஒப்பிடலாம். அதற்குப் பிரேக் என்று பெயர். அவ்விடம் வந்ததும் ஆடுவோர் துள்ளி எழுந்தனர். ஆயின், அது சில நொடிகளில் முடிந்துவிடும். ஹெர்க் ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு சுழல்மேடைகளில் வைத்தார். ஒன்றில் அப்பகுதி முடியும்போது மற்றொன்றில் அதனையே தொடங்கினார். சில நொடி பல நிமிடமாக நீண்டது. இவ்விசைமீது, உடனிருந்த கோக் லா ராக் ஒலிவாங்கியில் நண்பர்களின் பெயரைச் சொல்லி அழைத்தார். ராப் என்னும் சொல்லிசைக்கு அது வித்தாயிற்று. பிரேக் ஒலிக்கும்போது ஆடியவர்கள் பி-பாய் எனப்பட்டனர். தலைகீழாக நின்றும், தரையில் முதுகால் சுழன்றும் ஆடும் அவ்வாட்டமே பிரேக் நடனம். இதனை 1977இல் தோன்றிய ராக் ஸ்டெடி குழுவினர் உலகெங்கும் பரப்பினர். தெருவோர அட்டைமேல் பிறந்த அவ்வாட்டம் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்றது.

பின்வந்தோர் இக்கலையை மேலும் வளர்த்தனர். பார்படோஸ் தீவிற் பிறந்த கிராண்ட்மாஸ்டர் பிளாஷ், தட்டில் இசைப்பகுதி தொடங்கும் இடத்தை மெழுகுக்கோலால் குறித்து, இமைப்பொழுதும் தாளம் தவறாமல் இணைத்தார். கிராண்ட் விசார்ட் தியோடர் தட்டை முன்னும் பின்னும் கையால் அசைத்து உராய்வொலியையே இசையாக்கினார். தாளப் பொறி வாங்க இயலாதோர் வாயையே தாளப் பொறியாக்கினர். உதடு தரும் ஒலி பெருமுரசு. நாவும் பல்லும் தரும் ஒலி சிலம்பல். டக் இ. பிரெஷ் முதலியோர் 1980க்குப் பின் இதனைத் தனிக்கலையாக்கினர். இதற்குப் பீட்பாக்ஸ் என்று பெயர்.

இவையெல்லாவற்றிலும் ஒரு பொதுப்பண்பு உண்டு. அது பெயர் சொல்லுதல். இவ்விசை தோன்றுமுன்னரே நியூயார்க் இளைஞர் தம் பெயரைச் சுவரிலும் சுரங்க இரயிலிலும் எழுதத் தொடங்கினர். அவருள் ஒருவர் டாக்கி 183 என எழுதினார். டாக்கி என்பது அவர் பெயர். 183 என்பது அவர் வாழ்ந்த தெருவின் எண். 1971இல் நாளிதழ் ஒன்று அவரைப் பற்றி எழுதியது. ராப் பாடுவோரும் தம் பெயரையும் தெருவையும் கூறியே தொடங்குவர். இதனைத் தற்பெருமை என எண்ணுதல் பிழை. எந்த ஏட்டிலும் எழுதப்படாதவன் தன்னைத் தானே எழுதிக்கொள்ளும் முயற்சி அது. நம் கூத்தர் திரைக்குப் பின்னின்று அரசன் பெயரை அறிவித்தார். பிராங்ஸ் இளைஞனோ, திரை எதுவும் இன்றித் தன் பெயரையே அறிவித்தான்.

அங்கும் பெயர் களவு போயிற்று. 1979இல் சுகர்ஹில் கேங் குழுவினரின் இசைத்தட்டு வெளிவந்து, ராப் இசையை நாடெங்கும் முதன்முதல் கொண்டுசென்றது. அதிற் பாடிய ஒருவர், கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவர் எழுதிய அடிகளை எடுத்தாண்டார். காஸ் தம் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லியிருந்த இடத்தையும் மாற்றாமற் பாடினார். எழுதியவருக்குப் பெயரும் இல்லை, பொருளும் இல்லை. ஏட்டில் ஏறாத கலை தட்டில் ஏறும்போது, ஏறுவது யார் பெயர் என்ற வினா இக்கலையுடன் பிறந்த வினாவாகும்.

இக்கலை தமிழுக்கு எவ்வாறு வந்தது? இதனைக் கூறுமுன் ஓர் எச்சரிக்கை வேண்டும். வாயால் தாளம் சொல்லும் கொன்னக்கோல் நம்மிடம் உண்டு. தரையதிரச் சுழன்றாடும் கூத்தும், அடுக்கடுக்காகச் சொல் தொடுக்கும் கானாவும் உண்டு. ஆதலின் ஹிப் ஹாப் நம்மிடமிருந்தே சென்றது எனச் சிலர் பேசுவர். அது வரலாறு ஆகாது. உறவு வேறு, ஒப்புமை வேறு. இக்கலையின் மூதாதையர் கறுப்பின மக்கள்; அவர்தம் உழைப்பை நம்முடையது என்பதும் பெயர் களவே ஆகும். ஒப்புமை இருந்தமையால் வந்த விருந்தை நம்மவர் எளிதில் இனங்கண்டனர் என்பதே பொருந்தும்.

1994இல் வெளிவந்த காதலன் திரைப்படத்தில், ஏ. ஆர். ரகுமான் இசையில் பேட்டை ராப் என்ற பாட்டு ஒலித்தது. பிரபுதேவாவின் ஆட்டம் ஊர்தோறும் இளைஞரை ஈர்த்தது. எனினும், தமிழ்ச் சொல்லிசை தனிக்கலையாகக் காலூன்றியது கடல் கடந்த தமிழரிடையே எனலாம். மலேசியாவில் பொயட்டிக் அம்மோ குழுவில் இருந்த யோகி பி, பின்னர் நட்சத்திரா குழுவினருடன் 2006இல் வல்லவன் என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதில் மடை திறந்து என்ற பாட்டு, 1980இல் நிழல்கள் படத்துக்கு இளையராஜா அமைத்த இசையின்மேல் எழுந்தது. ஹெர்க் பெற்றோரின் பழைய தட்டிலிருந்து புதிய இசை கண்டாற்போல, தோட்டத் தொழிலாளர் வழிவந்தோர் நிறைந்த நாட்டில், பழந்தமிழ்த் திரையிசையிலிருந்து புதுக்குரல் பிறந்தது.

இலண்டனில் 1975இல் பிறந்து, யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்து, போரினால் மீண்டும் இலண்டன் சென்றவர் மாதங்கி அருள்பிரகாசம். மாயா என்றும் எம்.ஐ.ஏ. என்றும் அறியப்படும் இவர், 2005இல் வெளியிட்ட தொகுப்புக்கு அருளர் எனத் தந்தையின் பெயரையும், 2007இல் வெளியிட்டதற்குக் கலா எனத் தாயின் பெயரையும் சூட்டினார். அகதியாகச் சென்ற பெண் தன் பெற்றோர் பெயரை உலக இசைக்கடைகளில் எழுதிவைத்தாள்.

தமிழகத்தில் ஆதியும் ஜீவாவும் ஹிப்ஹாப் தமிழா என்ற பெயரில் இணைந்து 2012இல் வெளியிட்ட தொகுப்பு, கல்லூரி மாணவரிடையே இக்கலையைப் பரப்பியது. மும்பைத் தாராவியில் வாழும் தமிழிளைஞரும் குழுவாகப் பாடினர். 2018இல் வந்த காலா திரைப்படத்தில் அக்குரல் ஒலித்தது. 2017இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால், தென்மாவின் இசைத் தலைமையில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு அமைந்தது. கானாவும் பறையும் ராப்பும் அதில் ஒரே மேடையில் நின்றன. சாதி பேதம் அற்ற தமிழர் என்ற கருத்தை முன்வைத்த அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்தே அப்பெயர் பிறந்தது.

அக்குழுவில் அரக்கோணத்து இளைஞர் அறிவும் ஒருவர். 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில், பாடகி தீயுடன் அவர் பாடிய எஞ்சாயி எஞ்சாமி வெளிவந்தது. அதன் வேர் அவர் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பியவர் அவர். 1964இல் இந்திய இலங்கை அரசுகள் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு உரியவர், 3,00,000 பேர் இலங்கைக்கு உரியவர் என எண்ணிப் பங்கிட்டனர். ஒப்பந்தத்தில் எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை. அவ்வெண்ணிக்கைக்குள் அடங்கிய மக்களின் நிலமின்மையும் ஒப்பாரியும் பாட்டாக எழுந்து கோடிக்கணக்கானோர் செவியை அடைந்தன.

பழைய வினா இங்கும் எழுந்தது. அவ்வாண்டிலேயே இசையிதழ் ஒன்றின் அட்டையில் அறிவின் உருவம் இடம்பெறாமை கண்டு பலர் வருந்தினர். பின்னர் அவ்விதழ் அவருக்கெனத் தனி அட்டை வெளியிட்டது. பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்ற விவாதமும் தொடர்ந்தது. அதனைத் தீர்ப்பது நம் பணியன்று. 2024இல் வெளியிட்ட தொகுப்புக்கு வள்ளியம்மா பேராண்டி என அவர் பெயரிட்டார் என்பதை மட்டும் கருத்தில் கொள்வோம். அரசர் பெயரோ, தலைவர் பெயரோ அன்று, பாட்டியின் பெயர்.

நியூயார்க் மாநில அரசு 2007இல் செட்ஜ்விக் அவென்யூக் கட்டடத்தை ஹிப் ஹாப்பின் பிறப்பிடமாக ஏற்றுக்கொண்டது. ஒரு விருந்தாட்டம் நடந்த கூடம் முப்பத்துநான்கு ஆண்டுகளில் வரலாற்றுச் சின்னமாக மதிக்கப்பெற்றது. உத்தரமேரூர்க் கல்லோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது, இன்னும் நிற்கும். அதனை நாம் போற்றிக் காப்போம். ஆனால், கல்லில் இடம் பெறாதோரின் நினைவு அவர்தம் குரல் ஒலிக்கும்வரையே வாழும்.

மானாம்பதி வட்டாரத்து இளைஞன் இன்று கைப்பேசியில் ராப் கேட்டால், அதனைக் குறைகூறிப் பயன் இல்லை. அவனிடம் ஒன்று சொல்லலாம்: தம்பி, அக்கலை உனக்குக் கற்பிக்கும் முதற்பாடம் உன் பெயரையும் உன் தெருவையும் நாணமின்றிச் சொல்வது. அதனைக் கற்றபின், அடுத்த பாரத விழாவில் பொழுது புலர்ந்ததும், அரிதாரம் கலைக்கும் கூத்தரிடம் சென்று அவர் பெயரைக் கேள். மிருதங்கம் வாசித்தவர் பெயரைக் கேள். முகவீணை ஊதியவர் பெயரையும் கேள். இழவு வீட்டில் ஒப்பாரி பாடும் உன் பாட்டியிடம், அப்பாட்டை யாரிடம் கற்றாள் என்று கேள். கேட்டதை எழுதி வை. இயலுமாயின் பாடி வை. குடத்தில் விழாத ஓலைகள் அவை. அவற்றை எடுக்கும் சிறுவனாக நீயே இருக்கலாம்.