நாயின் எச்சிலும் பாஸ்டரின் ஊசியும்

நன்றாக ஓடியாடிக் கொண்டிருந்த வளர்ப்பு நாய்க்குத் திடீரென்று எச்சில் கொட்ட ஆரம்பித்தால் வீட்டில் முதலில் என்ன சொல்வார்கள்? "எலும்பு சிக்கியிருக்கும், வாயைத் திறந்து பார்." பல சமயம் அதுதான் காரணமாகவும் இருக்கும். சொத்தைப் பல், பூச்சிமருந்து, கடும் வெயில் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ரேபிஸ் வந்த நாய்க்கும் இப்படித்தான் ஒழுகும். தொண்டைத் தசைகள் செயலிழந்து எச்சிலை விழுங்க முடியாமல் போவதால்!

வெறிநாய் கடித்த மிருகங்களுக்கெல்லாம் வெறி பிடிக்கும், மனிதனுக்கு மட்டும் பிடிக்காது என்று எழுதி வைத்தவர் அரிஸ்டாட்டில். இவ்வளவு பெரிய அறிஞர்! நோய் எச்சிலில்தான் இருக்கிறது என்பதை 1804-ல் ஜெர்மனியின் ஸிங்கே சோதனை செய்து காட்டினார். வெறிநாயின் எச்சிலை எடுத்து நல்ல நாயின் காயத்தில் தடவினார். அதற்கும் வெறி பிடித்தது.

1880-களில் லூயி பாஸ்டர் களத்தில் இறங்கினார். வெறி பிடித்த புல்டாக்கை உதவியாளர்கள் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, கண்ணாடிக் குழாயை உதட்டில் வைத்து அதன் எச்சிலை உறிஞ்சி எடுத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நினைத்தாலே நடுங்குகிறது. ஆனால் எச்சிலில் வேறு கிருமிகளும் கலந்திருந்ததால் சோதனை சரிவரவில்லை. எனவே முயலின் தண்டுவடத்தில் கிருமியை வளர்த்து, அதை உலர்த்தி வீரியம் குறைத்தார். 1885 ஜூலை 6-ம் தேதி, நாயிடம் கடிபட்ட 9 வயது ஜோசப் மெய்ஸ்டருக்கு முதல் ஊசி. பையன் பிழைத்துக்கொண்டான்.

நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது 1907-ல். பெரியவர்கள் பயமுறுத்தும் "தொப்புளைச் சுற்றி 14 ஊசி" ஆட்டு மூளையில் தயாரான பழைய மருந்து. 2004 இறுதியில் அது இந்தியாவில் கைவிடப்பட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

மருந்து மாறினாலும் ஒன்று மாறவில்லை. நோய் முற்றி வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. அதனால் எச்சில் ஒழுகும் நாயின் வாய்க்குள் கை விடக்கூடாது. சாப்பிடாமல், தள்ளாடி, குரல் மாறி, தாடை தொங்கினால் அதைத் தனியாக அடைத்து வைத்து அன்றே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். எச்சில் காயத்திலோ கண்ணிலோ பட்டிருந்தால்? காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். கண் என்றால் வெறும் தண்ணீர். பிறகு நேரே ஆஸ்பத்திரிக்கு.