அணுவும் அணுவின் படமும்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரக் கடற்கரையை அடைவோர்க்குத் தெற்கே கல்பாக்கம் அண்மையில் உள்ளது. அங்கு முதல் அணு உலை 1983-இல் இயங்கத் தொடங்கிற்று. அவ்வூர்ப்பக்கத்து மாணவர் சிலரிடம் அணுவை வரையச் சொன்னோம். ஞாயிற்றைச் சுற்றும் கோள்களைப் போன்றே எலக்ட்ரான்களை வரைந்தனர்.

1913-இல் நீல்ஸ் போர் தந்த படம் அது. சோமர்ஃபெல்ட் அதில் நீள்வட்டங்களைச் சேர்த்தார். ஹைட்ரஜனின் நிறமாலைக்குப் பொருந்திய அப்படம் ஹீலியத்திடம் தோற்றது. 1925, 26-ஆம் ஆண்டுகளில் ஹைசன்பர்க், ஷ்ரோடிங்கர் ஆகியோரின் புதிய குவாண்டம் இயக்கவியல் அதன் இடத்தைப் பெற்றது.

1928-இல் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய நூலைத் தாமே கற்றிருந்த மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர், அவர் தங்கிய விடுதிக்கே சென்று சந்தித்தார். நூலாசிரியரோ, அதில் உள்ளவை பழமையாகிவிட்டன என்று கூறி, அச்சேறாத தம் புதிய கட்டுரையின் மெய்ப்புத் தாள்களைக் கொடுத்தார். பாடம் நடத்தும் நம் போன்றோர்க்கு இத்துணிவு எளிதில் வருவதில்லை! மறு ஆண்டே சந்திரசேகரின் ஆய்வுக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது.

இவ்வாறு எடுத்துச் சொல்லும் ஆசிரியரைப் பெறாத மாணவர், படம் பிழையென்று பின்னர் கேட்டதும் அறிவியலே வெறும் ஊகம் என்று முடிவு கட்டிவிடுகின்றனர். நம் வகுப்பிலும் அப்படி வினவியவர் உண்டு. அவர்களுக்கு நாம் இப்னுல் ஹைதமைக் காட்டினோம். தாலமியின் வட்டங்கள் கணக்குக்கு உதவினாலும் வானில் மெய்யாக அவ்வாறு இயங்க இயலாது என்று பதினோராம் நூற்றாண்டிலேயே எழுதிய அவர், வானியலைக் கைவிடவில்லை. மெய்யான அமைப்பைத் தேடவே சொன்னார்.