சம்மட்டிக்காரர்களின் நூலகம்

இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில், பழைய ரயில்வே குடியிருப்புக்கு நடுவே மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூஷன் என்ற பெரிய கல் கட்டடம் 1986 முதல் பூட்டிக் கிடக்கிறது. அதில் மறுபடியும் புத்தகங்கள் வர வேண்டும் என்பது, இந்த ஊரில் செவிலியாக வேலை பார்க்கும் என்னுடைய தீராத ஆசை.

கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1843இல் இங்கே எஞ்சின் பட்டறையைத் திறந்தபோது சுற்றிலும் வயல்வெளிதான். வேலைக்கு வந்தவர்கள் மறு ஆண்டே சங்கம் அமைத்துச் சந்தா கட்டி, புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு பங்கு வாங்கிப் பணம் திரட்டினார்கள். 1855இல் கட்டடம் எழுந்தது. நூலகம், வாசிப்பறை, நாடக மேடை எல்லாம் ஒரே கூரையின் கீழ். 1849 முதல் ஆண்டுதோறும் தொழிலாளர் குடும்பங்களை ரயிலேற்றிச் சுற்றுலா அனுப்பியதும் இதே சங்கம்தான். அந்த நூலகம் இருந்ததால், நகராட்சிப் பொது நூலகம் 1943 வரை இந்த ஊருக்கு வரவில்லை.

1847இல் தொடங்கிய மருத்துவ நிதிக்கும் இதே வழிதான். கூலியில் வாரந்தோறும் சிறு தொகை பிடிக்கப்பட்டது. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவர் கிடைத்தார். 1948இல் தேசிய சுகாதாரச் சேவை வந்தபோது அந்த நிதியம் அதில் கலந்தது. நான் இன்று செய்யும் வேலைக்கு இங்கே ஒரு வேர் இருக்கிறது.

படிப்பு இந்தப் பட்டறையில் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதற்கு ஆல்ஃபிரட் வில்லியம்ஸ் ஒருவரே போதும். 1877இல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். நீராவிச் சம்மட்டியில் வேலை. உலையின் இரும்புத் தகட்டில் சாக்கட்டியால் கிரேக்க எழுத்துகளை எழுதிவைத்து, இரும்பு காயும் நேரத்தில் மனப்பாடம் செய்தார். முதல் உலகப்போரில் சிப்பாயாக இந்தியா வந்தார். ஊர் திரும்பியதும் மனைவியோடு சேர்ந்து பழைய செங்கற்களால் தம் கையாலேயே வீடு கட்டி, அதற்கு ராணிகேத் என்ற இந்திய மலையூரின் பெயரை வைத்தார். வறுமையிலும் சமஸ்கிருதம் கற்றுப் பஞ்சதந்திரக் கதைகளை ஆங்கிலமாக்கினார். 1930இல், நூல் வெளிவந்த அதே ஆண்டில், இறந்துபோனார்.

பட்டறை 1986இல் மூடப்பட்டது. இன்ஸ்டிடியூஷனும் அதோடு ஓய்ந்தது. அதைக் காப்பாற்ற ஊர்மக்கள் 1995இல் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். கூரையையும் சுவரையும் செப்பனிட்டே ஆக வேண்டும். ஆனால் செப்பனிட்ட கட்டடத்தை உணவகமாகவோ அடுக்குமாடியாகவோ மாற்றினால் பாதிதான் மீளும். சம்பளச் சீட்டுகள், சுற்றுலாப் படங்கள், சங்கக் குறிப்பேடுகள் வீடுகளின் அலமாரிகளில் கிடக்கின்றன. அவை இங்கே வரட்டும். வில்லியம்ஸின் பஞ்சதந்திரத்துக்குப் பக்கத்தில், இன்று இந்த ஊரில் வாழும் கோவாக்காரர்களின் கொங்கணி நூல்களும் எங்கள் தமிழ் நூல்களும் இருக்கட்டும். சிறிய தொகையானாலும் எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். காசு போட்டவருக்கு உரிமையும் உண்டு, பொறுப்பும் உண்டு. இந்த நூலகம் அப்படித்தான் பிறந்தது, அப்படித்தான் பிழைக்கும்.