எவான்ஸ் பலியாட்டமும் அதன் தற்காப்பும்

இருபுறத்து மந்திரிகளும் சி4, சி5 கட்டங்களில் எதிரெதிரே நிற்கும் இத்தாலியத் தொடக்கத்தின் நான்காம் நகர்வில், வெள்ளை தன் காலாள் ஒன்றைப் பி4 கட்டத்தில் வலியக் கொண்டுபோய் வைத்து, அதனை வெட்டிய கறுப்பு மந்திரியைச் சி3 காலாளால் விரட்டும் அவகாசத்திலேயே பலகையின் மத்திய ஸ்தானங்களைக் கைப்பற்ற முயல்வது எவான்ஸ் பலியாட்டம் எனப்படும்.

பக்தாதில் அஸ்ஸூலீ முதலிய அறிஞர் ஆராய்ந்து நூலெழுதிய ஷத்ரஞ்சில், இன்றைய மந்திரிக்கு முன்னோனாகிய 'ஃபீல்' என்னும் யானை மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்திற்கு மாத்திரமே தாவியமையால், இத்தகைய துரித யுத்தத்திற்கு அங்கு இடமிருக்கவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் ராணியும் மந்திரியும் நெடுந்தூரம் பாயும் வல்லமை பெற்ற பின்னரே காலாளைப் பலியிடுதல் ஒரு கலையாயிற்று. இப்பலியாட்டத்தை 1820களில் வகுத்தவர் வேல்ஸ் நாட்டினரான வில்லியம் டேவிஸ் எவான்ஸ். அவர் ஒரு கப்பற்றலைவர் என்பது நம் கரையோர வாசகருக்கு உவப்பளிக்கலாம்.

1852இல் பெர்லினில் அன்டர்சன் இதனைக் கொண்டு டுஃப்ரேனை வீழ்த்திய ஆட்டம் இன்றும் பிரசித்தமானது. அக்காலத்தார் வெட்டிய காலாளை விடாது காக்கப் பிரயத்தனப்பட்டே பெரும்பாலும் அழிந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இம்மானுவேல் லாஸ்கர், மந்திரியை ஏ5இலிருந்து பி6இற்குப் பின்வாங்கி, காலாளை எதிரிக்கே திருப்பிக் கொடுத்து, ராணிகளை மாற்றிக்கொண்டு, சிதறிய வெள்ளைக் காலாட்களை இறுதியாட்டத்தில் வருத்தும் மார்க்கத்தைக் காட்டிய பின், இப்பலியாட்டத்தின் மவுசு வெகுவாகக் குறைந்தது.

அது மீண்டும் தலைதூக்கியது, 1995இல் ரீகா நகரில் நடந்த தால் நினைவுப் போட்டியிலே. மயிலாடுதுறையிற் பிறந்த விசுவநாதன் ஆனந்த், காஸ்பரோவுக்கு எதிராக மந்திரியை இ7இல் ஒதுக்கிக் குதிரையை ஏ5இற்கு அனுப்பினார். பழைய முறைப்படி வெள்ளை இ5 காலாளை வெட்டியிருப்பின், குதிரை சி4 மந்திரியை வெட்ட, பின் காலாள் டி5இற்கு முன்னேறக் கறுப்புக்குச் சமநிலை கிட்டியிருக்கும். காஸ்பரோவோ அக்காலாளைத் தீண்டாது மந்திரியை இ2இற்கு மீட்டுக்கொண்டமையால், ஓரத்திற் சென்ற குதிரை வேலையற்றுச் சி6இற்கே திரும்ப நேர்ந்து, அங்ஙனம் வீணான நகர்வுகளுக்கு விலையாக, ஆட்டம் 25ஆம் நகர்வில் முடிந்தது. திருப்பிக் கொடுக்க எண்ணுவது மட்டும் போதாது, அதற்கான தருணத்தை எதிரி கையில் விடலாகாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று காண்பதரிது. கல்முனை, சம்மாந்துறைப் பாடசாலைகளிற் சதுரங்கம் பயிலும் மாணவர், லாஸ்கரின் நகர்வுகளையும் இவ்வாட்டத்தையும் பலகையில் அடுத்தடுத்து வைத்து ஆடிப் பார்ப்பாராக.