துலாக்கோல் யார் கையில்?

பினாங்குத் தீவில் நீதிமன்றம் தோன்றிய வரலாறும், நீதிபதியை அமர்த்தும் உரிமை யாருக்கு என்னும் வினாவும் உடன்பிறந்தவை. 1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றினார். எனினும், முறையான நீதிமன்றம் அமைய 1807-ஆம் ஆண்டின் அரச சாசனம் வரவேண்டியிருந்தது. 1808-இல் ஜார்ஜ் டவுனில் திறக்கப்பெற்ற அம்மன்றத்திற்கு ரெக்கார்டராக வந்தவர் சர் எட்மண்ட் ஸ்டான்லி. கவர்னரும் ஆலோசனை உறுப்பினர் மூவரும் அவரோடு நீதிபதிகளாக வீற்றிருந்தனர். ஆணையிட்ட கையே தீர்ப்பும் எழுதிற்று. ஆட்சியாளர் அவ்விருக்கையினின்று இறங்க 1868 வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றன.

1957-இல் மலாயா விடுதலை பெற்றபோது, நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் பொறுப்பை அரசமைப்புச் சட்டம் நீதி, சட்டச் சேவை ஆணையத்திடம் ஒப்படைத்தது. 1960-ஆம் ஆண்டின் திருத்தம் அப்பொறுப்பை அதனிடமிருந்து நீக்கியது. அதன்பின், ஆட்சியாளர் மாநாட்டைக் கலந்து, பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நீதிபதிகளை நியமிப்பதே முறையாயிற்று. அரசியலார் மீண்டும் இருக்கையில் அமரவில்லை. அமர்பவரைத் தெரிவு செய்யும் இடத்தில் நின்றனர்.

ஆட்சியின் கை நீதித்துறை மீது நீளக்கூடும் என்பதை 1988 உணர்த்திற்று. நீதித்துறைத் தலைவர் துன் சாலே அபாஸ் விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டு, ஆகஸ்டில் பதவி நீக்கப்பட்டார். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். இருவர் பதவி இழந்தனர். மீண்ட மூவருள் ஒருவர் பினாங்கில் பிறந்த யூசோப் அப்துல்காதர்.

நீதிபதி நியமனத்தில் தரகு நிகழ்ந்ததோ என்னும் ஐயத்தை 2007-இல் வெளிவந்த ஒளிப்பதிவு ஒன்று எழுப்பியது. 2008-இல் அரச விசாரணை ஆணையம் அதனை ஆராய்ந்தது. பினாங்கு மைந்தரான பிரதமர் அப்துல்லா அகமது படாவியின் ஆட்சியில் இயற்றப்பட்ட நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டம் 2009-இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் உறுப்பினரை ஒன்பதின்மராக வகுத்தது. நால்வர் உயர்நீதித் தலைவர்கள். எஞ்சிய ஐவரையும் நியமிப்பவர் பிரதமர். ஆணையம் தரும் பெயர்களை ஏற்றேயாக வேண்டும் என்னும் கட்டும் அவருக்கு விதிக்கப்படவில்லை. வாயில் திறந்தது, திறவுகோல் மட்டும் கைமாறவில்லை.

நடுவுநிலைமைக்கு வள்ளுவர் காட்டிய உவமை துலாக்கோல். சுங்கை பினாங் கரையில் வாழும் ஏழைத் தொழிலாளி அரசை எதிர்த்து வழக்காட நேரின், அவன் நம்புதற்குரியது அக்கோல் ஒன்றே. வழக்கில் ஒரு தரப்பாக நிற்கும் ஆட்சியே கோல் பிடிப்பவரையும் தெரிவு செய்யுமாயின், அவன் நம்பிக்கை எதன்மேல் நிற்கும்? 1807-இல் தீவில் முளைத்த வினாவுக்கு முழுவிடை இன்னும் எழுதப்படவில்லை.