விண்ணப்பம் நடந்து வந்த வழி

காரைதீவிலிருந்து அம்பாறைக்குச் செல்லும் பெருந்தெருவில், சம்மாந்துறையை அடையுமுன், வயல்வெளிகளுக்கு நடுவே அமைந்திருக்கும் முஸ்லிம் கிராமம் மாவடிப்பள்ளி. கிழக்கிலங்கையின் இந்த நெல்வயல் நாட்டிலே ஒருவர் வேலை பெறுவதற்கு எழுத்து என்பதே நெடுங்காலம் வேண்டப்படவில்லை. நிலமுடைய போடியார் முல்லைக்காரரிடம் சொல்லியனுப்புவார். முல்லைக்காரர் ஆட்களைச் சேர்ப்பார். யார் உழைப்பாளி, யார் சாக்குப்போக்குச் சொல்பவர் என்பது ஊருக்கே தெரிந்திருந்தமையால் நற்சான்றுப் பத்திரம் எவரும் கேட்டதில்லை. இன்று அதே கிராமத்து இளைஞர் ஒருவர் வரம்பிலே அமர்ந்தபடி, கைத்தொலைபேசியின் வாயிலாக ஒரு மணி நேரத்துள் பத்து விண்ணப்பங்களைக் கொழும்புக்கும் கட்டாருக்கும் அனுப்பிவிடலாம். இங்ஙனம் நிகழ்நிலையில் விண்ணப்பிப்பது வேலை பெறுவதற்கு ஏற்ற வழிதானா என்று பலரும் கேட்கின்றனர். அதற்கு விடை காண, விண்ணப்பம் என்பது இந்நாட்டிலே நடந்து வந்த வழியைச் சிறிது நோக்குதல் நன்று.

தொடக்கத்தில் விண்ணப்பம் என்பது ஒருவர் மற்றொருவருக்கு எழுதிய மனுவேயாகும். இத்தாலியில் 1482-ஆம் ஆண்டளவில் லியனார்தோ தா வின்சி மிலான் நகரின் அதிபதிக்கு எழுதிய கடிதத்தை இவ்வகைக்கு உலகறிந்த எடுத்துக்காட்டாகக் கூறுவர். ஓவியக் கலைஞராகிய அவர் அக்கடிதத்திலே பாலங்கள், முற்றுகைக் கருவிகள், பீரங்கிகள் ஆகியவற்றைச் செய்யும் தம் திறமையை வரிசையாக விரித்துவிட்டு, ஓவியத்தைக் கடைசியிலேதான் குறிப்பிடுகிறார். மிலான் அப்போது போரில் ஈடுபட்டிருந்தது. பெறுபவரின் தேவையை அறிந்து எழுதிய அந்தச் சாமர்த்தியம், ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பும் இக்காலத்தவரிடம் அரிதாகவே காணப்படுகிறது. ஆங்கிலேயர் காலத்து இலங்கையிலும் கச்சேரி வாயிலில் மனு எழுதுவோர் அமர்ந்திருந்தனர். துரையின் மனம் இளகும்படி எழுதத் தெரிந்தவரின் கை, உத்தியோகம் தேடுவோருக்குப் பெருந்துணையாக இருந்தது.

இம்முறையை மாற்றியவை இரண்டு. முதலாவது, அறிவித்தல் பகிரங்கமானது. இலங்கை அரசாங்க வர்த்தமானி 1802 மார்ச் 15-ஆம் நாள் முதன்முதலாக வெளிவந்தது. இரண்டாவது, தெரிவு பரீட்சையின்மீது அமைந்தது. 1854-இல் பிரித்தானியாவில் நோத்கோட், திரெவெலியன் என்னும் இருவர் அளித்த அறிக்கை, சிபாரிசினால் உத்தியோகம் வழங்கும் வழக்கத்தைக் கண்டித்துப் போட்டிப் பரீட்சையைப் பரிந்துரைத்தது. 1870-இல் அங்கே அது பெரும்பாலும் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கருத்து இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. சோல்பரி அரசியலமைப்பின்கீழ் 1947-இல் பகிரங்க சேவை ஆணைக்குழு செயற்படத் தொடங்கியபோது, நியமனங்கள் அமைச்சர் கையிலிருந்து விலக்கிவைக்கப்பட்டன. ஆயினும் அந்தப் பரீட்சை ஆங்கிலம் கற்றவரின் பரீட்சையாகவே இருந்தது. கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் பிள்ளைகளுள் ஆங்கிலப் பாடசாலையை எட்டியவர் சிலரே. 1940களில் அட்டாளைச்சேனையில் நிறுவப்பட்ட ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைதான் இப்பகுதியின் தமிழ்வழிக் கல்விக்கும் அரசாங்க உத்தியோகத்துக்கும் இடையே ஒரு பாலமாக அமைந்தது. 1956-இன் அரசகரும மொழிச் சட்டம் ஆங்கில வாயிலைச் சாத்திச் சிங்கள வாயிலைத் திறந்தபோது, தமிழ் பேசும் இளைஞருக்கு அதனால் விளைந்த இடர் யாவரும் அறிந்ததே.

1961-இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டது. படித்தவர் தொகை பெருகிற்று. உத்தியோகம் அவ்விதம் பெருகவில்லை. 1971-இல் தென்னிலங்கையிலே இளைஞர் கிளர்ச்சி வெடித்தது. அவ்வாண்டிலேயே சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் சார்பில் டட்லி சியர்ஸ் தலைமையிலான குழு அளித்த அறிக்கை, கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் நாட்டிலுள்ள வேலைகளுக்குமிடையே பெரும் பொருத்தமின்மை இருப்பதைச் சுட்டிக்காட்டிற்று. மறுவருடம், 1972-இன் குடியரசு அரசியலமைப்பு அந்தச் சுதந்திரமான ஆணைக்குழுவை நீக்கி, நியமன அதிகாரத்தை அமைச்சரவையிடம் ஒப்படைத்தது.

அதன்பின் நிகழ்ந்தது விண்ணப்பத்தின் வரலாற்றிலேயே விசித்திரமான கட்டம் எனலாம். 1977-இன் ஆட்சி மாற்றத்தின் பின் ஏற்பட்ட ‘வேலை வங்கி’த் திட்டத்தில், விண்ணப்பப் படிவங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் வாயிலாகவே விநியோகிக்கப்பட்டன. விண்ணப்பித்த பின் சிபாரிசு தேடிய காலம் போய், விண்ணப்பிப்பதற்கே சிபாரிசு தேட வேண்டிய காலம் வந்தது. படிவமே ஒரு சலுகையாயிற்று. நாட்டின் எல்லாப் பகுதிகளிலும் தகப்பன்மார் உறுப்பினரின் இல்லத்து வாயிலில் விடியுமுன் சென்று நின்றனர். 1987 முதல் 1989 வரை தெற்கிலே மீண்டும் குருதி சிந்திய பின், இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு 1990-இல் அளித்த அறிக்கை, இளைஞர் கொதிப்பின் காரணங்களுள் அரசியல் செல்வாக்கினால் நியமனம் வழங்கியதை முன்னணியில் வைத்தது. வேலையின்மையைக் காட்டிலும், தகுதி மதிக்கப்படவில்லை என்ற எண்ணமே அவர்களை அதிகம் வருத்திற்று. 2001-இல் 17-ஆவது திருத்தம் சுதந்திரமான அரசாங்க சேவை ஆணைக்குழுவை மீண்டும் ஏற்படுத்திற்று.

இந்த வரலாற்றை அறிந்தவருக்கு, நிகழ்நிலை விண்ணப்பம் எத்தகைய விடுதலையாகத் தோன்றியிருக்கும் என்பதை எளிதில் உணரலாம். படிவத்தை எவரும் கையில் தரவேண்டியதில்லை. தர மறுக்கவும் இயலாது. அமெரிக்காவில் 1994-இல் ‘மான்ஸ்டர்’ தளமும், இந்தியாவில் 1997-இல் ‘நௌக்ரி’ தளமும் தோன்றின. இலங்கையிலும் அத்தகைய தளங்கள் பின்னர் எழுந்தன. முன்பு கொழும்பிலிருந்து வர்த்தமானி வந்துசேரும் வரை காத்திருந்த கிராமத்தவர், இன்று அது வெளியாகும் வெள்ளிக்கிழமையிலேயே மூன்று மொழிகளிலும் அதனைப் படிக்கலாம்.

ஆனால் வாயில் அகன்றால் கூட்டமும் பெருகும் அன்றோ? பத்துப் பேர் எழுதிய இடத்துக்கு ஆயிரம் பேர் எழுதும்போது, அவ்விண்ணப்பங்களை முதலில் படிப்பது பல நிறுவனங்களில் மனிதரல்லர். குறித்த சொற்களைத் தேடும் கணினியே. பீற்றர் கூன், மிக்கல் ஸ்குதெருட் என்னும் பொருளியலாளர் 1998 முதல் 2000 வரையிலான அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்து, இணையத்தின் வழி வேலை தேடியோர் மற்றவரைவிட விரைவாக வேலை பெறவில்லை என 2004-இல் வெளியிட்டனர். அதே கூன், ஹனி மன்சூர் என்பவருடன் சேர்ந்து 2005 முதல் 2008 வரையிலான தரவுகளை ஆராய்ந்தபோது முடிவு மாறிற்று: இணையத்தில் தேடியோரின் வேலையற்ற காலம் ஏறத்தாழ 25 சதவீதம் குறைந்திருந்தது. கருவி பழகப் பழகப் பயன் தந்தது என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. மார்க் கிரனோவெற்றர் என்னும் சமூகவியலாளர் மசாசூசெற்சு மாநிலத்து நியூற்றன் நகரில் உயர்தொழில் செய்த ஆடவர் 282 பேரை ஆராய்ந்து 1974-இல் வெளியிட்ட நூலில், நூற்றுக்கு 56 பேர் அறிமுகமானவர் வழியாகவே வேலையைப் பெற்றனர் எனக் கண்டார். அதிலும், நெருங்கிய உறவினரைக் காட்டிலும் எப்போதாவது சந்திப்பவரே மிகுதியும் உதவியிருந்தனர். நெருங்கியவர் அறிந்ததை நாமும் அறிவோம், தூரத்தவரே புதிய செய்தி கொணர்வர். முல்லைக்காரரின் தொழில் அமெரிக்க நகரிலும் மறைந்துபோகவில்லை.

ஆகவே இக்கரையோரத்து இளைஞருக்கு வழி ஒன்றல்ல. தெரிவு புள்ளியினால் நிகழுமிடத்தில் நிகழ்நிலை விண்ணப்பம் முழுப் பயனுடையது. பரீட்சைத் திணைக்களம் நடத்தும் போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க எவரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2004 முதல் தென்கொரியாவுக்கு ஆட்கள் செல்லும் திட்டத்திலும் மொழிப் பரீட்சையே முதல் வாயில். எனினும் அதிலே சித்தியடைந்தவரின் பெயர் பட்டியலில் ஏறுமேயன்றி, அங்குள்ள முதலாளி ஒருவர் தெரிவு செய்தாலன்றிப் பயணம் இல்லை. தனியார் நிறுவனங்களின் நிலை வேறு. 1995-இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறுவருடம் பல்கலைக்கழகமான, ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரி கொழும்பு நிறுவனத்துக்கு நேரே அனுப்பும் விண்ணப்பத்தைவிட, அங்கே முன்னரே சேர்ந்துவிட்ட பழைய மாணவர் ஒருவரின் சொல்லோடு செல்லும் விண்ணப்பம் படிக்கப்படும் வாய்ப்பு மிகுதி. ஆள் சொல்வது மட்டும் போதாது, விண்ணப்பமும் வேண்டும்.

வெளிநாட்டு வேலையில்தான் எச்சரிக்கை மிகவும் வேண்டப்படுகிறது. 1985-இன் 21-ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், உரிமம் பெற்ற முகவர்களின் பட்டியலைத் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. தரகர் ஊருக்கு வந்த காலத்தில் அவர் யாரென விசாரிக்கலாம். திரையில் தோன்றும் தரகருக்கு ஊரில்லை. தாய்லாந்தில் கணினி வேலை என்ற இணைய விளம்பரங்களை நம்பிச் சென்ற இலங்கை இளைஞர் பலர், 2023, 2024-ஆம் ஆண்டுகளில் மியன்மாரின் மியாவடிப் பகுதியில் மோசடிக் கூடங்களுக்குள் அடைக்கப்பட்டனர். அவர்களும் விண்ணப்பம் அனுப்பியவர்களே. அவர்களுக்குப் பதிலும் மிக விரைவிலேயே கிடைத்தது.

உள்ளூர் அரசாங்கப் பதவிகளிலோ பழைய முறை இன்னும் முற்றாக விலகவில்லை. சில வர்த்தமானி அறிவித்தல்கள், நிகழ்நிலையில் நிரப்பிய படிவத்தை அச்சிட்டு, கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்தி, பதிவுத் தபாலில் அனுப்புமாறு கோரியிருக்கின்றன. அதற்காக மாவடிப்பள்ளி இளைஞர் அச்சிடும் கடையையும், கையொப்பத்தை உறுதிப்படுத்தும் அதிபரையும், தபாற் கந்தோரையும் நாடிச் செல்ல வேண்டியிருக்கிறது. பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி வீட்டிலுள்ள பெரியவர்களும் சொல்லியனுப்புகின்றனர்.